மேகக்கா எங்க போனாங்க?

கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மேகம் என்று கேட்டால் போதும், வாசல் காவலாளியிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர் வரை அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்து விரலை வானத்துக்கு நீட்டுவார்கள். அங்கே, எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருப்பாள். டவர் கிரேன் ஓட்டுவது அவள் வேலை. ஒருநாள் காலை மேகம் தாழ இறங்கி அந்தக் கூண்டையே மூடிவிட்டது. கீழே நின்று வாக்கிடாக்கியில் அவளுக்கு வழி சொல்லும் சிக்னல்காரர், "அக்கா, உங்களைக் காணோம், வெறும் மேகம்தான் தெரியுது" என்றார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சின்னவர்களுக்கு அவள் மேகக்கா.

அவள் கைவாகு அப்படி. இரும்புக் கம்பிக்கட்டு ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினாளானால், அது காற்றில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மாடியில் போய் இறங்கும். ஆரம்பத்தில் "பொம்பளை ஓட்டுற கிரேனுக்குக் கீழ நான் நிக்க மாட்டேன்" என்று சொன்ன கொத்தனார் ஒருவர், பிறகு அவள் விடுப்பு எடுத்த நாட்களில் மட்டும் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

தேநீர் இடைவேளையில், கொக்கியை வெறுமையாக மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, அவள் கைபேசியை எடுத்துக் காணொளி பிடிப்பாள். வேலை நேரத்தில் அது பைக்குள் கிடக்கும். அதில் அவள் கறார். மேலேயிருந்து ஊர் எப்படித் தெரிகிறது, காற்று திரும்பினால் கிரேனின் நீண்ட கை என்ன செய்யும், எந்தப் பறவை எந்த மூலையில் கூடு கட்டப் பார்க்கிறது என்று பேசுவாள். அலங்காரப் பேச்சு கிடையாது. பக்கத்து வீட்டு மதில்மேல் சாய்ந்துகொண்டு பேசுவதுபோல இருக்கும். அதனாலேயே கூட்டம் சேர்ந்தது. 'என் பொண்ணும் கிரேன் ஓட்டணும்னு அடம் பிடிக்கிறா' என்று எங்கிருந்தோ தாய்மார்கள் எழுதுவார்கள். அதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கணவனுக்கு வாசித்துக் காட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

கேமரா கூண்டோடு நின்றதா என்றால், இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளும் வந்தது. கணவன் சலூன் வைத்திருந்தான். அவன் அவளுக்கு முடி வெட்டுவது, அம்மா அவளைத் திட்டுவது, தம்பி தூக்கத்தில் உளறுவது, எல்லாம் ஊர் பார்த்துச் சிரித்தவை. "மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?" என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை.

மறைக்க ஒன்று வந்து சேர்ந்தது.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், வாரத்தில் பாதி நாள் ஊசியும் குழாயுமாக ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தான். மீதி நாட்களில் பள்ளிக்குப் போனால், பிள்ளைகளே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், நீங்க உக்காருங்க சார், நாங்களே ஓடிக்கறோம்" என்பார்கள். அந்த நாற்காலியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டான்.

அம்மாவுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுடையது பொருந்தியது. அவள் யோசிக்கவே இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தம்பி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா, இதை வெளிய சொல்ல வேணாம். முக்கியமா உன் வீடியோவுல."

"சரிடா" என்றாள். அந்த நேரத்தில் அவன் நிலாவைக் கேட்டிருந்தாலும் கிரேனைத் திருப்பியிருப்பாள்.

'கொஞ்ச நாள் லீவு, வந்துடறேன்' என்று மட்டும் தன் காணொளிப் பக்கத்தில் எழுதிப்போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போனாள். இரண்டு பேரும் நல்லபடியாக வெளியே வந்தார்கள். தம்பி முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. உடம்பு தேறியதும் ஊரின் இன்னொரு கோடியில், அவனைத் தெரிந்தவர் யாருமே இல்லாத ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். வயிற்றில் தையல் போட்ட உடம்போடு அந்த உயரத்துக்கு ஏணியில் ஏற டாக்டர் அத்தனை சீக்கிரம் விடவில்லை.

லீவு நீண்டது. 'மேகக்கா எங்க போனாங்க?' என்று முதலில் அன்பாகத்தான் கேட்டார்கள். பிறகு ஆளுக்கொரு கதை கட்டினார்கள். மாசமா இருக்காங்க என்றார் ஒருவர். வேலையைவிட்டுத் தூக்கிட்டாங்க என்றார் மற்றொருவர். இதற்குள் வம்பையே தொழிலாக வைத்திருந்த ஒரு சேனல்காரன், வேறு எங்கோ கம்பிக்கட்டு அறுந்து விழுந்த பழைய படம் ஒன்றை எடுத்து, பக்கத்தில் அவள் முகத்தை ஒட்டி, 'மேகம் மறைக்கும் விபத்து' என்று போட்டுவிட்டான். மறுநாளைக்குள் வதந்தியில் ஒரு ஆளின் கால் போயிருந்தது. அதற்கு மறுநாள் அந்த ஆளே போய்விட்டான்.

சலூனில் கணவன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்த்தபடி அந்த ஆள், "உங்க வீட்டம்மா எதையோ கீழ போட்டுட்டாங்களாமே?" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவன் கழுத்துல என் கத்தி இருக்கு. அப்ப கேக்கறான். தைரியசாலிதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? பதில் தெரிஞ்சும் வாயை மூடிட்டு தாடையை வழிச்சேன். இதோ பாரு, நீ செஞ்சது ஊர்ல எத்தனை பேர் செய்வாங்க? சொல்லிடு. ஒரே வீடியோ. அத்தனை வாயும் ஒட்டிக்கும்."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "நான்கூட யார்கிட்டயும் மூச்சு விடலை, எதிர்வீட்டுக்காரிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவளும் அவ தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னாளாம்."

வதந்தியில் மற்றதெல்லாம் அவளுக்குத் தூசு. கீழே போட்டாள் என்ற ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. இத்தனை வருடத்தில் ஒரு செங்கல்லைக்கூட நழுவவிடாத கை அது. போதாததற்கு ஒரு தொலைக்காட்சியிலிருந்து வேறு கூப்பிட்டார்கள். "உங்க பக்கத்துக் கதையை எங்க நிகழ்ச்சியில சொல்லுங்க. ஏதாவது மனசைத் தொடுற மாதிரி இருந்தா ரொம்ப நல்லாயிருக்கும்" என்றது ஒரு இனிய குரல். மனதைத் தொடுகிற மாதிரிதானே? அவள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்தாள். கணவனே தலைவாரிவிட்டான். "அழற இடத்துல முடி மூஞ்சியில விழக் கூடாது" என்று பக்கவாட்டில் கொண்டை ஊசி குத்திவிட்டான். அவள் பேசினாள்: தம்பி படுக்கையில் கிடந்தது, அவனைப் பார்த்துத் தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, பரிசோதனை பொருந்தியது என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் குதித்தது. கடைசியில் சட்டையை ஓரமாக ஒதுக்கித் தையல் தழும்பையும் காட்டினாள். போட்டுப் பார்த்தபோது கணவன் மூக்கை உறிஞ்சினான். அம்மா இரண்டு தடவை பார்த்தாள்.

போடுவதற்கு முன் தம்பிக்குப் போன் செய்தாள்.

"வேணாம்க்கா" என்றான் அவன். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "இங்க இப்பதான் பசங்க என்னைப் பாத்து பயப்பட ஆரம்பிச்சிருக்காங்க. கெடுத்துடாத."

"என் பேரு நாறுதுடா ஊர்ல."

"தெரியும்க்கா. பாத்தேன்." மணி அடித்ததோ என்னவோ, வைத்துவிட்டான்.

நேரில் காட்டினால் மனம் மாறுவான் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

பள்ளி வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனபோது மைதானத்தில் புழுதி பறந்தது. நடுவில் தம்பி. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, வெயிலில் கறுத்த முகம். ஒரு வகுப்பையே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, கடைசியில் நொண்டியடிக்கும் இரண்டு பேருக்குப் பின்னால் தானும் ஓடிக்கொண்டிருந்தான். "காலைத் தூக்கு! மாவாட்டவா வந்தே?" அவன் அதட்டியதில் அந்த இரண்டு பேரும் பறந்தார்கள்.

அவள் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் உடம்பில் பிறந்ததிலிருந்து இருந்த ஒன்று, இதோ அவன் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, விசிலடிக்கிறது, ஊர்ப் பிள்ளைகளை மிரட்டுகிறது. தன்னிடம் இருந்தவரை அது ஒருநாளும் இப்படி ஓடியதில்லை, நாள் முழுக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு முழுக் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தினாலும் இந்த நிமிர்வு வராது.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கிய ஒரு சிறுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"உங்க பி.டி. சாரோட அக்கா."

சிறுமியின் கண்கள் விரிந்தன. "வீட்லயும் ஓடச் சொல்வாரா?"

ஆட்டம் முடிந்ததும் தம்பி அவளை விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனான். ரப்பர் வாடை அடிக்கும் சின்ன அறை. காற்றுப்போன பந்துகள், கயிறுகள், ஒரு மூலையில் சுண்ணாம்புப் பொடி மூட்டை. மேசை இழுப்பறையில் மாத்திரைப் பெட்டி. 'சத்து மாத்திரை' என்று மற்ற வாத்தியார்களிடம் சொல்லி வைத்திருந்தான்.

"பாத்துட்டுச் சொல்லு" என்று கைபேசியை நீட்டினாள்.

அவன் ஒரு பந்தை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தான். 'என் தம்பி சாகக் கிடந்தான்' என்று திரையில் அவள் சொன்ன இடத்தில் மட்டும் பந்தின் மேல் விரல்கள் இறுகின. முடிந்ததும் கைபேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லா இருக்குக்கா. போட்டுடு."

அவள் எதிர்பார்க்கவில்லை. "நிஜமாவா?"

"நீ குடுத்தது. நான் எந்த வாயால வேணாம்னு சொல்றது? போன்ல சொன்னதே தப்பு. உனக்கு நான் எதை இல்லேன்னு சொல்ல முடியும் இனிமே? போடு. நான் சமாளிச்சுக்கறேன். தேவைப்பட்டா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் கோபப்படவில்லை. தலையைக் குனிந்து, பள்ளிப்பிள்ளை வாத்தியாரிடம் பேசுவதுபோலப் பேசினான். அதுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது. இவனா? பேருந்தில் ஜன்னலோர இடத்துக்கு அவள் மணிக்கட்டைக் கடித்தவன் இவன். பெரிய துண்டு யாருக்கு என்பதில் தொடங்கி, எந்த வேலைக்குப் போவது என்பது வரைக்கும் அவளை எதிர்த்துப் பேசாமல் ஒரு நாளும் தூங்கினவன் இல்லை.

"டேய், நீ என்கிட்ட கடைசியா எப்ப சண்டை போட்டே?"

அவன் யோசித்தான். "ஆபரேஷனுக்கு முன்னாடி."

உண்மைதான். அதற்குப் பிறகு டிவி ரிமோட்டை அவனாகவே அவள் கையில் கொடுத்தான். அவள் சொன்ன டாக்டர், அவள் சொன்ன சட்டை, அவள் சொன்ன வாடகை வீடு. பாசம் என்று நினைத்து அவளும் பூரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என் தம்பியைக் காப்பாத்தினேன்னு நெனச்சிட்டு இருக்கேன். இங்க பாத்தா யாரோ ஒரு தலையாட்டி பொம்மை உக்காந்திருக்கு. அவன் எங்கடா?"

"அக்கா..."

"வேணாம்னு சொல்லு."

"இல்லக்கா, நீ..."

"சொல்லுடா! எப்பவும் சொல்ற மாதிரி சொல்லு. உனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. நான் குடுத்தது கிட்னிடா, உன் வாய்க்குப் பூட்டு இல்ல."

"வேணாம்" என்றான் தரையைப் பார்த்து.

"கேக்கல. மேலயே உக்காந்து காத்துல காது மந்தமாயிடுச்சு."

அவன் நிமிர்ந்தான். பந்தை அந்தப் பக்கம் எறிந்தான். "வேணாம்னா வேணாம்! எத்தனை தடவை சொல்றது? நான் சாகக் கிடந்தேன்னு ஊருக்கெல்லாம் நீ ஏன் சொல்றே? கிடந்தது நானு! திரும்ப நாற்காலி தூக்கிட்டு வருவாங்க எனக்கு. போட்டேன்னா உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். உன் கிட்னியைக் கழட்டி உன் மூஞ்சியிலயே எறிஞ்சிடுவேன், ஆமா!"

அறை அதிர்ந்தது. வெளியே மைதானத்தில் சத்தம் பட்டென்று அடங்கியது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்த அவனும் தாங்காமல் சிரித்துவிட்டான்.

"இதுக்குத்தான்டா குடுத்தேன்" என்றாள் மூச்சு வாங்க. "இந்தத் திமிருக்கு."

அவன் முன்னாலேயே அந்தக் காணொளியை அழித்தாள். அழித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள நான் பெருமையடிச்சுக்குவேன். அதைக் கேக்கக் கூடாது" என்றாள்.

"அது என்னிக்கு நின்னுச்சு?" என்றான் தம்பி.

பிற்பாடு அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்: கதவுக்கு வெளியே கேட்ட அந்தக் கடைசி வரியைப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டுவிட்டார்கள். பி.டி. சாருக்குக் கோபம் வந்தால் கிட்னியைக் கழற்றிவிடுவார் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு வரிசையில் ஒரு கால்கூடக் கோணலாக நிற்கவில்லையாம்.

டாக்டர் ஏறலாம் என்று எழுதிக்கொடுத்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். அங்கே ஒருவரிடம் மட்டும் சொல்லியாக வேண்டியிருந்தது. ஏறி இறங்கச் சிரமம் என்று, முன்பெல்லாம் வாயை நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் குடிப்பாள். இனி அது ஆகாது. நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி இறங்க வேண்டும். இன்ஜினியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, சும்மா நின்றார்.

"யாருக்கும் தெரிய வேணாம் சார். வேலைக்குத் தேவைன்னு உங்ககிட்ட சொன்னேன்."

"என்கிட்டயே இருக்கும்மா. நீங்க இறங்கறப்ப வேலை நிக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றேன்" என்றார் அவர்.

ஏணியடியில் சிக்னல்காரர் காத்துக்கொண்டிருந்தார். வதந்தி கிளம்பிய நாட்களில், தன் பெயரிலேயே அந்தச் சேனலில் போய், 'அக்கா கொக்கிக்குக் கீழதான் நான் தினம் நிக்கறேன், ரெண்டு காலும் இருக்கு, வந்து எண்ணிக்கோ' என்று எழுதிய மனிதர் அவர்.

"எங்க போயிருந்தீங்கன்னு நான் கேக்கலக்கா" என்றார். "மாத்து ஆள் ஓட்டினான் பாருங்க, ஒவ்வொரு தூக்குக்கும் நான் எங்க அம்மாவை நெனச்சுக்கிட்டேன். நீங்க வந்ததே போதும்."

நாக்கு நுனிவரை வந்தது அவளுக்கு. இவரிடம் சொன்னால் என்ன? சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் சொல்லவில்லை. அவர் தோளில் தட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். முன்பு ஒரே வீச்சில் ஏறுவாள். கம்பிகளில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. தழும்பு லேசாக இழுத்தது. கூண்டுக் கதவைத் திறந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து லீவரிலும் கை வைத்தபோது, யாரோ பிடுங்கிக்கொண்டுபோன கைகளைத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தியதுபோல இருந்தது. இடைவேளை வரை மடமடவென்று தூக்கினாள். மாற்று ஆள் தேக்கி வைத்திருந்த வேலையில் பெரும் பங்கு குறைந்தது.

தேநீர் நேரத்தில் கைபேசியை எதிரே நிறுத்தினாள். தலை கலைந்திருந்தது. எண்ணெய்க் கறை நெற்றியில் இருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"நான்தான், மேகம். ரொம்ப நாளாச்சு. நான் எதையோ கீழ போட்டுட்டேன்னு பேசிக்கிறாங்க. நான் எதையும் போடல. போட்டேன்னு சொல்றவங்க எந்த இடம், எந்த ஆளுன்னு சொல்லட்டும், நானே கூட வந்து பாக்கறேன். சரி, எங்க போனேன்? ஒரு வேலை இருந்துச்சு. போய்ச் செஞ்சுட்டு வந்தேன். இந்தக் கட்டடத்தைவிடப் பெரிய வேலை அது. என் வாழ்க்கையில நான் செஞ்சதுலயே பெருசு. அது என்னன்னு சொல்ல மாட்டேன். வெக்கப்பட்டு ஒளிக்கிறேன்னு நெனச்சுக்காதீங்க. நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு நிமிருது, பாருங்க, நேராத்தான் உக்காந்திருக்கேன். ஆனா அந்தக் கதையில நான் மட்டும் இல்ல. அதனால அது வீட்டோட இருக்கும். இங்க கூண்டுல நடக்கறதெல்லாம் உங்களுக்கு. இன்னிக்குக் காத்து கடல் பக்கமிருந்து வருது, கிரேன் கையைத் திருப்பறப்ப என்ன ஆகுதுன்னு பாக்கலாம், வாங்க."

அவ்வளவுதான். போட்டுவிட்டுக் கைபேசியைப் பையில் வைத்தாள்.

எல்லா வாயும் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் பொய். 'மர்மம்' என்று அந்தச் சேனல்காரன் இன்னொன்று போட்டான். சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள்: இத்தனை நாள் குடும்பம் மாதிரி பழகினோம், எங்களிடமே மறைக்கிறாயா என்றார்கள். கம்பெனிக்காரர்கள் தங்கள் இடத்தில் விபத்தே நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்ததும், வம்புக்காரன் வேறு ஆளைத் தேடிக்கொண்டு போனான். தொலைக்காட்சியின் இனிய குரல் மறுபடி கூப்பிட்டது.

"அந்தப் பெரிய வேலை என்னன்னு சொல்லாம நிகழ்ச்சி பண்ண முடியாதே மேடம்."

"அப்ப பண்ணாதீங்க" என்றாள். வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். வீடியோவைப் போடச் சொன்ன அதே ஆள், "ஊரே கதையைச் சொல்லிப் பேர் வாங்குது. என் பொண்டாட்டி சொல்லாம வாங்கறா" என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டு மீசையைக் கத்தரித்தான்.

அடுத்த விடுமுறை நாளில் பழைய காணொளிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டாள். முன்பு யாரையும் கேட்டதில்லை. தம்பி தூக்கத்தில் உளறுவது முதலில் போயிற்று. முடி வெட்டுவது இருக்கட்டும் என்றான் கணவன், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஆள் வருகிறதாம். அம்மா திட்டும் காணொளியை அவள் எடுக்கப் போனபோது அம்மா பாய்ந்து வந்தாள்.

"அதை ஏன்டி எடுக்கறே? நான் எவ்வளவு நல்லா பேசியிருக்கேன் அதுல!"

அது அப்படியே இருந்தது. இன்னமும் இருக்கிறது.

கட்டடத்தின் உச்சிக்குத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிய நாள் காற்று நின்றிருந்தது. அந்த வேலையிலேயே கனமான தூக்கு அதுதான். கீழே ஆட்களை ஒதுக்கி, கயிறுகளைச் சரிபார்த்து, சிக்னல்காரர் "தூக்குங்க" என்றார். தொட்டி மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பி, மாடி மாடியாக ஏறி, கடைசி மாடியையும் தாண்டியது. ஆட்டமில்லை, அசைவில்லை.

வாக்கிடாக்கியில் சிக்னல்காரர் குரல் வந்தது. "அக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் ரொம்ப நேரமா உங்களையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறார். கழுத்துல விசில். போறவங்க வர்றவங்களை எல்லாம் நிறுத்தி உங்களைக் கைகாட்டி என்னமோ சொல்றார். யாரு, தெரிஞ்சவரா?"

அவளால் கையசைக்க முடியாது. இரண்டு கையும் லீவரில். கண்ணை மட்டும் ஒரு கணம் கீழே ஓட்டினாள். எறும்பளவு தெரிந்தான். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, நெற்றிக்குமேல் கையால் வெயிலை மறைத்து, கால்களை அகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"என் தம்பி" என்றாள். "பி.டி. வாத்தியார்."

"பாத்தா சாதுவா இருக்கார்."

"யாரு, அவனா? சரியான கோவக்காரன். பள்ளிக்கூடமே நடுங்குது." தன் குரலில் இருந்த பெருமை வாக்கிடாக்கியின் கரகரப்பையும் மீறிக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கட்டும்.

"சரிக்கா, இடம் வந்துடுச்சு. கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். அங்கதான். எறக்குங்க."

அவள் இறக்கினாள்.